தைல மரம் நின்ற கொல்லையில் மறுபடி கடலை: மண்ணுக்குத் தீனி போட்ட பதிவு

புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் கொல்லை இருக்கிறது. செம்மண். ஒரு முழம் தோண்டினால் செம்பொறைக் கல் தட்டும். பல வருஷம் தைல மரத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தோம். மரத்தை வெட்டி, பொக்லைன் வைத்துத் தூர் பிடுங்கி, சட்டிக் கலப்பையால் புரட்டிப் போட்ட நிலையில் கைக்குத் திரும்பி வந்தது. பிடுங்கிய வேரையும் சருகையும் அங்கேயே குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். முதல் மழைக்கு மேல்மண் கூழாகிக் கரைந்தது. இரண்டு நாள் வெயிலில் பொருக்குத் தட்டி இறுகியது. அந்தப் பொருக்கை உடைத்துக்கொண்டு கடலை முளைக்காது.

அதே நிலத்தில் மானாவாரிக் கடலை எடுக்க மூன்று வருஷமாக என்ன செய்தோம் என்பதை, அதே மாதிரி நிலம் வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தில் தைல மரம் எடுத்த நிலம் நிறைய உண்டு. "அது செத்த மண்ணு, இனிமே ஒண்ணும் வராது" என்று மனை போட விற்றுவிடுகிறார்கள். அவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டிய மண் இல்லை அது.

எதைப் போடுவதற்கும் முன்னால் அளவு எடுத்து வைத்தோம். இன்று என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் நாளை மாறியதா என்று சொல்ல முடியாது. மூன்று சோதனைகள் செய்தோம். ஆய்வகத்துக்கு மண் அனுப்பியது ஒன்று. மற்ற இரண்டும் கையிலேயே செய்துகொள்ளலாம்.

கட்டிச் சோதனை சுலபம். காய்ந்த மண்கட்டி ஒன்றை டீ வடிகட்டியில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் மெதுவாக முங்க விட வேண்டும். எங்கள் மண் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. புசுபுசுவென்று குமிழி விட்டுக் கரைந்து அடியில் படிந்துவிட்டது. வரப்பு ஓரத்தில், பல வருஷமாக யாரும் உழாத புல்தரையில் எடுத்த கட்டி தண்ணீர் கலங்காமல் அப்படியே நின்றது. இரண்டும் ஒரே செம்மண்தான். இரண்டுக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை. ஒன்றில் வேரும் மக்கும் (மக்கிப்போன தழை, எரு) மண் துகளைப் பிடித்து வைத்திருக்கின்றன, இன்னொன்றில் பிடிக்க எதுவும் இல்லை.

அடுத்தது தண்ணீர் இறங்கும் சோதனை. 15 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, ஒரு முனையைக் கூராக்கிக்கொண்டோம். அதை மண்ணில் நாலு விரல் ஆழம் அடித்து இறக்கி, உள்ளே 440 மில்லி தண்ணீர் ஊற்றினால் அது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். முதல் தடவை ஊற்றுவது மண்ணை நனைக்க மட்டும். அது இறங்கியதும் இரண்டாவது தடவை ஊற்றி, அது முழுசாக இறங்க ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அரைமணி நேரம் தாண்டியும் தண்ணீர் தேங்கி நின்றது. அப்படியென்றால் ஐப்பசியில் அடித்துப் பெய்கிற மழையில் எவ்வளவு கொல்லைக்குள் இறங்கியிருக்கும், எவ்வளவு செங்காவியாகக் கண்மாய்க்கு ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆய்வகத்திலிருந்து அங்ககக் கார்பன், அதாவது மண்ணில் இருக்கும் மக்கின் கார்பன், 0.27 சதவீதம் என்று வந்தது. மண்வள அட்டையில் 0.5-க்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேலே அதிகம். கார்பன் அளவை 1.724-ஆல் பெருக்கினால் மொத்தக் கரிமப் பொருள் வரும். மக்கில் 58 சதவீதம் கார்பன் என்று வைத்துப் போடும் பழைய கணக்கு இது. மண்ணுக்கு மண் கொஞ்சம் மாறும், ஆனாலும் வேலைக்கு ஆகும்.

நிலத்தில் ஒரு ஓரப் பட்டையை மட்டும் எதுவும் செய்யாமல் ஒதுக்கி வைத்தோம். ஊரில் எல்லோரும் செய்வதுபோல உழுது, விதைத்து, பறிப்பது மட்டும் அங்கே நடக்கும். அப்பா இதை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லாருக்கற நெலத்துலேயே எதுக்குப்பா ஒரு மூலையக் கெடுக்கணும்?" என்று கேட்டார். ஆனால் அந்தப் பட்டை இல்லாவிட்டால், நல்ல மழை பெய்த வருஷத்தில் விளைச்சல் கூடியதற்குக் காரணம் மழையா நம் வேலையா என்று பிரிக்கவே முடியாது.

அப்புறம் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை எல்லோரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 900 டன். அதில் 0.27 சதவீதம் என்றால் கார்பன் இரண்டரை டன்தான். அதை 0.1 சதவீதம் ஏற்ற வேண்டுமானால் 900 கிலோ கார்பன் கூடுதலாக மண்ணில் தங்க வேண்டும். தங்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரு டிரெய்லர் குப்பை ஏறக்குறைய 3 டன். அதில் பாதி ஈரம். மிச்சத்தில் மண்ணையும் சாம்பலையும் கழித்தால் கார்பன் 300 கிலோ தேறினால் பெரிது. நம் வெயிலில் முதல் வருஷத்திலேயே அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று, கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடும். கால் பங்கு நின்றது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 0.1 ஏற்றுவதற்கு ஒரு ஏக்கருக்குப் பன்னிரண்டு டிரெய்லர் வேண்டும். அவ்வளவு குப்பை ஊரிலேயே இல்லை. மாடு குறைந்துபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது.

மண்ணில் மக்கு இருப்பது ஒரு வரவு செலவு. போடுவது ஒரு பக்கம், எரிந்து போவது இன்னொரு பக்கம். சூடு பத்து டிகிரி ஏறினால் நுண்ணுயிர்களின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மண் கருகருவென்று மக்கு நிறைந்து கிடப்பதற்கும், ஆலங்குடியில் வெளுத்துக் கிடப்பதற்கும் குளிர் ஒரு பெரிய காரணம். சூட்டை நாம் குறைக்க முடியாது. ஆனால் மண்ணின் மேல் விழும் வெயிலைத் தடுக்கலாம், உழவைக் குறைக்கலாம். ஒவ்வொரு உழவும் மண்கட்டிக்குள் ஒளிந்திருக்கும் மக்கை உடைத்துக் காற்றுக்குக் காட்டுகிறது. வரவைக் கூட்டுவதைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள். செலவைக் குறைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எங்கள் அனுபவத்தில் இரண்டாவதுதான் பாதி வேலை.

முதல் கோடையில் செய்தது கண்மாய் வண்டல். வண்டலில் மக்கு கொஞ்சம்தான் இருக்கும். நாங்கள் அடித்தது அதில் உள்ள களிமண்ணுக்காக. மணல் கலந்த செம்மண்ணில் எவ்வளவு குப்பை போட்டாலும் ஒட்டிக்கொள்ள இடம் இல்லை. களித்துகளின் மேல் படிகிற மக்கு நுண்ணுயிர்களுக்கு எளிதில் எட்டாது, அதனால் நீண்ட காலம் நிற்கும். அந்தக் காலத்தில் கோடைக்குக் கோடை கண்மாய்ச் சேற்றை வண்டி வண்டியாகக் கொல்லைக்கு அடித்தவர்கள் இதை வேறு வார்த்தைகளில் தெரிந்து வைத்திருந்தார்கள். அனுமதி வாங்கி, ஏக்கருக்கு இருபத்தைந்து டிரெய்லர் கணக்கில் அடித்துப் பரப்பினோம். முக்கால் அங்குல உயரம் வந்தது. வண்டல் எடுக்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கொஞ்சம் நனைத்து உள்ளங்கையில் உருட்டினால் கயிறுபோல நீள வேண்டும், உதிர்ந்தால் அது வெறும் மணல். இன்னொன்று கோரை. மேல் வண்டலில் கோரைக் கிழங்கு இருந்தால் கொல்லை முழுக்கக் கோரை வந்துவிடும், பிறகு அதை ஒழிப்பது பெரும்பாடு. மேலே அரை அடியை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து அள்ளச் சொன்னோம். உப்பும் களரும் இல்லை என்று ஆய்வகத்தில் பார்த்துக்கொள்வதும் நல்லது.

அடுத்து கிடை போட்டோம், அதாவது ஆட்டு மந்தையை ராத்திரியில் கொல்லையிலேயே அடைத்து வைத்தோம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்க்கிறவர்கள்) ஆட்டோடு எங்கள் பக்கம் வருவது வழக்கம். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, பட்டியை இரவுக்கு இரவு இடம் மாற்றிக் கொல்லை முழுக்கச் சுற்றி அடைத்தார்கள். புழுக்கையைவிட மூத்திரம் பெரிய லாபம். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அதில்தான் கூடுதல், யாரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வர முடியாத உரம் அது. கீதாரி ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: "தம்பி, கிடை எந்திரிச்சதும் அன்னைக்கே மேலாப்புல ஒரு ஓட்டு ஓட்டிருங்க. வெயில்ல கெடந்தா பாதிச் சத்து ஆவியாப் போயிரும்." சரியான பேச்சு. மூத்திரத்தில் உள்ள தழைச்சத்து அம்மோனியாவாக மாறிப் பறந்துவிடும், அந்த வாடையே அதற்குச் சாட்சி. ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று சொல்வார்கள். புழுக்கை சீக்கிரம் பயிருக்குச் சத்தாக மாறுகிறது, சாணக்குப்பை மெதுவாகத்தான் விடுகிறது. அதனால் கிடையை மக்கு ஏற்றும் வேலையாக மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. அடுத்து விதைக்கப்போகும் பசுந்தாளுக்கு (பச்சையாகவே மண்ணில் மடக்கிவிடும் பயிர்) தெம்பு கொடுக்கிற வேலையாகப் பார்த்தோம். சத்தே இல்லாத மண்ணில் சணப்புகூட முழங்காலைத் தாண்டாது.

ஆடிக் கடைசியில் விழுந்த மழைக்குப் பலதானியம் விதைத்தோம். இயற்கை விவசாயி நம்மாழ்வாரின் பேச்சுகள் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவிய முறைதான். கம்பு, சோளம், தினை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு, கொள்ளு என்று கிடைத்ததைக் கலந்து, ஏக்கருக்கு இருபது கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூவினோம். சணப்பு மட்டும் விதைத்தாலும் தழை குறையாது. ஆனால் கலந்து விதைப்பதில் நான் கண்ட லாபம் வேரில் இருக்கிறது. சோளமும் கம்பும் மேல்மண்ணில் சல்லிவேரைப் பின்னிப் பொருக்கை உடைக்கின்றன. சணப்பும் ஆமணக்கும் ஆணிவேரைக் கீழே இறக்குகின்றன. தண்டிலும் இலையிலும் இருந்து வருகிற கார்பனைவிட வேரிலிருந்து வருகிற கார்பன் மண்ணில் கூடுதல் காலம் தங்குகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். வேர் ஏற்கெனவே மண் துகளுக்கு நடுவில் இருக்கிறது, அதைக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டியதில்லை.

சணப்பு பூக்கத் தொடங்கியதும் மடக்கிவிட வேண்டும். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் அந்தப் பருவம் வரும். அதைத் தாண்டினால் தண்டு நாராக முற்றிவிடும். பிறகு அது மக்குவதற்கு நாளாகும், மக்கும்போது மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும். அடுத்துப் போடும் பயிர் மஞ்சளாகி நிற்பது அதனால்தான். எங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை அப்படியே கொட்டக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்கு கார்பன் இருக்கிறது. சாணம், மாட்டு மூத்திரம், கிளைரிசிடியா தழை சேர்த்துக் குழியில் போட்டு, கறுத்து உதிரும் வரை மக்கவைத்த பிறகுதான் அதை நாங்கள் நிலத்துக்குக் கொண்டுபோகிறோம்.

முதல் வருஷம் மட்டும் பலதானியத்தை ரோட்டவேட்டரில் மேலாக மடக்கினோம். அடுத்த வருஷத்திலிருந்து கனமான பலகையை மாடு பூட்டி இழுத்துப் பயிரைப் படுக்கவைத்துவிட்டு, அதன் நடுவிலேயே சால் போட்டு உளுந்து விதைக்கிறோம். ஐப்பசி விதைப்பு, வம்பன் ரகம். வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் விதைக்குக் கஷ்டமில்லை. படுத்த தழை மண்ணை மூடிக்கொள்கிறது, மழைத்துளி நேராக மண்ணில் அடிப்பதில்லை. கரையான் வரும். செம்மண்ணில் மூடாக்குப் போட்டால் கரையான் வராமல் இருக்காது. அது காய்ந்த சருகைத்தான் தின்கிறது. ஈரம் இருக்கும் வரை எங்கள் பயிரைத் தொடவில்லை.

உளுந்து அறுவடையில் ஒரு பழக்கத்தை மாற்றினோம். எங்கள் ஊரில் உளுந்தை வேரோடு பிடுங்குவார்கள், அது வேகமான வேலை. நாங்கள் அரிவாளால் தரையோடு அறுக்கச் சொன்னோம், கூலி கொஞ்சம் கூடுதல். வேரும் வேர்முடிச்சும் மண்ணிலேயே நின்றுவிடுகின்றன. கடலையில் இது முடியாது. கடலையைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். காய், கொடி, வேர் எல்லாம் கொல்லையை விட்டுப் போய்விடுகிறது, கொடி மாட்டுக்குத் தீவனமாக விலைபோகிறது. வருஷா வருஷம் கடலை மட்டும் போட்ட செம்மண் ஏன் இவ்வளவு வெளுத்துப்போகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நாங்கள் கொடியை விற்பதில்லை. எங்கள் மாடு தின்கிறது, அந்தச் சாணம் அதே கொல்லைக்குத் திரும்புகிறது.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே பாத்திக்கு ஒரே மாதிரி எரு, உரம் என்று போட்டு அளந்து வந்திருக்கிறார்கள். தொழு உரம் தொடர்ந்து போட்ட பாத்தியில் கார்பன் தூக்கலாக இருக்கிறது. தொடர்ந்து என்பதுதான் அங்கேயும் பாடம். ஒரே வருஷத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு நிறுத்தினால் மெல்ல மெல்லப் பழைய இடத்தை நோக்கியே இறங்கும்.

எங்கள் கொல்லையில் முதலில் மாறியது தண்ணீர். இரண்டாவது ஐப்பசியிலேயே, ஓரப் பட்டையில் மழைத் தண்ணீர் தேங்கிச் செங்காவியாக வழிந்தபோது, மற்ற இடத்தில் தேங்கவில்லை. குழாய்ச் சோதனையில் பட்டையில் பழையபடி அரைமணி நேரம் ஆனது. மற்ற இடத்தில் ஐந்தாறு நிமிஷத்தில் தண்ணீர் இறங்கியது. வடிகட்டியில் வைத்த கட்டி ஓரங்களில் மட்டும் உதிர்ந்தது, நடுப்பகுதி நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மண்ணில் கார்பன் 1 சதவீதம் ஏறினால் ஏக்கருக்கு லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் மண்ணில் நிற்கும் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. உலகம் முழுக்க எடுத்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு அவ்வளவு சொல்லவில்லை. கார்பன் 1 சதவீதம் ஏறினால் 10 செ.மீ. ஆழ மண்ணில் பயிருக்குக் கிடைக்கிற தண்ணீர் சராசரியாக 1 மி.மீ. சொச்சம்தான் கூடுகிறது. மணல் மண்ணில் கொஞ்சம் அதிகம். எங்களைப் போல 0.1 ஏற்றுகிறவர்களுக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் வராது. எங்களுக்குக் கிடைத்த லாபம் பொருக்கு உடைந்து, பெய்கிற மழை வழிந்தோடாமல் உள்ளே இறங்கியதில்தான் இருக்கிறது. 40 மி.மீ. மழையில் பாதி ஓடிப்போவதும் முழுவதும் இறங்குவதும் ஒன்றா? மானாவாரிக் கொல்லையில் ஒரு பயிரின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. பெரிய எண்ணை நம்பி இறங்குகிறவர்கள் இரண்டாவது வருஷம் ஏமாந்து விட்டுவிடுவார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது வருஷம் ஆனிப் பட்டத்தில் கடலை போட்டோம். மூட்டைக் கணக்கைவிடப் பறிப்பில் தெரிந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஓரப் பட்டையில் செடியைப் பிடுங்கினால் கொடி கையோடு வந்தது, காய் மண்ணுக்குள் அறுந்து நின்றது. அதைக் கொத்தித்தான் பொறுக்க வேண்டியிருந்தது. மற்ற இடத்தில் மண் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது, காய் கொத்தோடு மேலே வந்தது. பறிக்க வந்த அக்கா ஒருவர், "இந்தப் பக்கமே எனக்கு மொற குடுங்க, அந்த ஓரத்துக்கு நான் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா அந்தப் பட்டையைப் பற்றிக் கேட்டது அதோடு நின்றது.

ஆய்வக எண் 0.27-லிருந்து 0.39-க்கு வந்திருக்கிறது. ஓரப் பட்டை 0.28. இன்னும் 'குறைவு' என்ற கட்டத்துக்குள்தான் இருக்கிறோம். மூன்று வருஷ வேலைக்கு இந்த வெயிலில் இது நல்ல ஏற்றம், அதிலும் கொஞ்சம் வண்டலோடு வந்தது. 0.05 ஏறுவதையும் இறங்குவதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மாதிரி எடுக்கும் இடத்தைப் பொறுத்தே அவ்வளவு ஆடும். மாதிரியை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதத்தில், ஒரே ஆழத்தில், ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நாங்கள் சித்திரையில், எதுவும் போடுவதற்கு முன்னால் எடுக்கிறோம். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவத்தில் 15 செ.மீ. குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரு விரல் கனத்துக்கு மேலிருந்து கீழாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து எதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவுக்குக் கொண்டுவந்து நிழலில் உலர்த்த வேண்டும். வரப்பு ஓரம், மர நிழல், குப்பை குவித்திருந்த இடம், கிடைப்பட்டி நெருக்கமாக இருந்த இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். வேர்த் துண்டு கண்ணில் பட்டால் பொறுக்கி எறிந்துவிடுங்கள், அது எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

இந்த வருஷம் கடலைக்குப் பின்னால் கொல்லையைச் சும்மா விடாமல் கார்த்திகையில் கொள்ளு விதைத்திருக்கிறோம். பனி ஈரத்திலேயே வந்துவிடும், கோடை தொடங்கும் வரை மண்ணில் உயிருள்ள வேர் இருக்கும். வரப்புச் சுற்றி நட்ட கிளைரிசிடியா வெட்டுக்கு வந்துவிட்டது, அதன் தழை மூடாக்குக்குப் போகும். ஓரப் பட்டையை இன்னும் இரண்டு வருஷத்துக்கு அப்படியே விட்டுவைக்கப் போகிறோம். அதற்குப் பிறகு அதற்கும் வண்டல் அடித்துக் கிடை போட வேண்டும்.